கலர் வைரம் வாங்கப் போகிறீர்களா? நிறம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்

அத்தையின் மோதிரத்தை ஆசாரி கையில் கொடுத்தபோது அந்தக் கல் நல்ல ரோஸ் நிறத்தில்தான் இருந்தது. கல்லைப் பிடித்திருந்த நாலு கம்பியில் ஒன்று தேய்ந்துபோய்ப் புடவையில் மாட்டிக்கொண்டே இருந்தது, அதைச் சரிசெய்யத்தான் போனோம். அவர் பொடி வைத்து, ஊதி, திராவகத்தில் போட்டு எடுத்து, தண்ணீரில் அலசி, துணியால் துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் லூப்பை, அதாவது கல் பார்க்கிற உருப்பெருக்கிக் கண்ணாடியை, என்னிடம் நீட்டினார். கல்லின் அடிப்பக்கத்தில், பற்றவைத்த கம்பிக்கு நேராக, ரோஸ் நிறம் உரிந்து வெள்ளையாக ஒரு திட்டு. ஓதம் ஏறிய சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்த மாதிரி ஓரமெல்லாம் பிசிறு. "நான் ஒண்ணும் பண்ணலைங்கம்மா, முப்பத்தஞ்சு வருஷமா வைரத்தோட பக்கத்துல நெருப்பு வைக்கிறேன், இப்படி ஆனதே இல்லை" என்றார். அவர் குரல் நடுங்கியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. கல் நிஜ வைரம். நிறம் மட்டும் மேலே பூசியது. வைரத்துக்குள் போகிற வெளிச்சம் அடியில் பட்டுத் திரும்பித்தான் நம் கண்ணுக்கு வருகிறது, அதனால் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசாக ஒரு படலம் ஏற்றிவிட்டால் போதும், வெள்ளைக் கல் முழுக்க ரோஸாகத் தெரியும். சும்மா போட்டுக்கொண்டிருக்கும்வரை ஒன்றும் தெரியாது. நெருப்போ திராவகமோ பட்டால் போய்விடும்.

மாமா கல்யாண நாளுக்கு ஆசையாக வாங்கிக் கொடுத்த மோதிரம் அது. நாற்பது சென்ட் கல், அதாவது 0.40 கேரட். பில்லை எடுத்துப் பார்த்தேன், "பிங்க் டைமண்ட் 0.40" என்று ஒரு வரி, அவ்வளவுதான். கூடவே கடையின் பெயரே அச்சடித்த ஒரு பிளாஸ்டிக் அட்டை, அதிலும் எடையும் வெட்டும் மட்டும் இருந்தன. அவர் கொடுத்த விலை, அதே அளவு நல்ல வெள்ளை வைரத்தின் விலையை விடக் கொஞ்சம்தான் அதிகம். மண்ணுக்குள்ளேயே ரோஸாகப் பிறந்த நாற்பது சென்ட் கல் அந்த விலைக்கு எந்தக் காலத்திலும் கிடைக்காது, பல மடங்கு ஆகும். மாமாவுக்கு அது தெரியாது. கடையில் யாரும் பொய் சொல்லவும் இல்லை, நிறம் எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். கேட்டால்தான் சொல்வேன் என்பது, இவ்வளவு பணம் கொடுக்கிற ஒரு ஆளிடம் செய்யக்கூடிய காரியமா?

நான் திருச்சிக்காரி. எங்கள் அப்பா செயற்கைக் கல் பட்டை தீட்டுகிற வேலை பார்த்தவர், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு அந்தத் தொழில் இருந்தது. அரக்குக் குச்சியின் நுனியில் கல்லை ஒட்டிச் சாணையில் வைக்கிற சத்தத்தில்தான் நாங்கள் படித்து வளர்ந்தோம். யாராவது கலர் கல் ஒன்றைக் காட்டினால் அப்பா முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "இது மண்ணு போட்ட கலரா, மனுஷன் போட்ட கலரா?" செயற்கைச் சிவப்புக் கல்லுக்குக் குரோமியம் சேர்த்தால் சிவப்பு வரும் என்று தெரிந்த மனிதர், அதனால் எந்த நிறத்தையும் அவர் அப்படியே நம்பியதில்லை. கலர் வைரத்திலும் முதல் கேள்வி அதுதான் என்பது என் எண்ணம், மற்ற எல்லாமே அதற்குப் பிறகுதான். ஆகவே மண் எப்படிக் கலர் போடுகிறது, மனிதன் எப்படிப் போடுகிறான் என்பதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சுத்தமான வைரத்துக்கு நிறமே கிடையாது. அது வெறும் கார்பன். அதற்குள் நைட்ரஜன் கலந்தால் மஞ்சள் வரும். கலர் வைரங்களில் சாதாரணமாகக் கிடைப்பவை மஞ்சளும் பிரவுனும்தான், முதல் தடவையாக வாங்குகிறவர்கள் பெரும்பாலும் மஞ்சளில்தான் போய் நிற்பார்கள். போரான் கலந்தால் நீலம் வரும், அதுவும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தாலே போதும். ரோஸ், சிவப்புக் கல்லில் பெரும்பாலும் நிறத்துக்குக் கலப்பு காரணம் கிடையாது, பூமிக்கு அடியில் ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் படிகத்தின் அடுக்கே நெளிந்துபோயிருக்கும், அந்த நெளிவுதான் நிறமாகத் தெரிகிறது. பிரவுனும் பெரும்பாலும் அப்படித்தான். கருப்பு என்பது உள்ளே நிறைந்து கிடக்கும் கிராஃபைட் மாதிரியான துகள்களால் வருவது. கடையில் மலிவாகக் கிடைக்கும் கருப்பு வைரம் பலவும், விரிசல் நிறைந்த மட்டமான கல்லைச் சூடேற்றிக் கருக்க வைத்தவை, அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ரோஸ் கல் ஏன் இவ்வளவு விலை என்றால், உலகத்துக்கே ரோஸ் கல் கொடுத்துக்கொண்டிருந்தது கிட்டத்தட்ட ஒரே ஒரு சுரங்கம்தான். மேற்கு ஆஸ்திரேலியாவில் கிம்பர்லி பகுதியில் இருந்த ஆர்கைல் சுரங்கம். 1983-ல் தோண்ட ஆரம்பித்தார்கள், 2020 நவம்பரில் மூடிவிட்டார்கள். உலகத்தின் ரோஸ் வைரங்களில் சுமார் 90 சதவீதம் அங்கிருந்துதான் வந்தது என்பார்கள், ஆனால் அந்தச் சுரங்கத்தில் எடுத்த கல்லில் நூற்றில் ஒன்றுகூட ரோஸ் கிடையாது, பெரும்பாலும் பிரவுன்தான். அந்தப் பிரவுனுக்குத்தான் ஷாம்பெய்ன், கோன்யாக் என்று பெயர் வைத்து விற்றார்கள், அதில் பொடிக் கற்கள் ஏராளமாக நம் சூரத்துக்கு வந்துதான் பட்டை தீட்டப்பட்டன. ஆகவே கடையில் "ஷாம்பெய்ன் டைமண்ட்" என்று காட்டினால் அது பிரவுன் வைரம் என்று புரிந்துகொள்ளுங்கள். பிரவுன் அழகான நிறம், எனக்குப் பிடிக்கும், ஆனால் பிரவுன் விலைக்கு வாங்க வேண்டும். சுரங்கம் மூடிய பிறகு ரோஸ் என்று சொன்னாலே "ஆர்கைல் கல்" என்று சேர்த்துச் சொல்வதும் பெருகிவிட்டது. ஆர்கைலில் இருந்து வந்த முக்கியமான கற்களுக்கு அவர்களே கொடுத்த சான்றுப் பத்திரமும், கல்லின் விளிம்பில் லேசரால் பொறித்த எண்ணும் இருக்கும். அது இல்லாமல் வாய்வார்த்தையில் ஆர்கைல் என்றால் அதற்காக ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.

சிவப்பு வைரம் நம்மில் யாரும் வாங்கப் போவதில்லை. ஆனாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1987-ல் நியூயார்க்கில் ஒரு சிவப்பு வைரம் ஏலத்துக்கு வந்தது, எடை 0.95 கேரட், கிட்டத்தட்டத் துவரம்பருப்பு அளவு. 8,80,000 டாலருக்குப் போனது. கலர் வைரம் என்றால் என்ன என்று வெள்ளை வைர வியாபாரிகளே நிமிர்ந்து பார்த்தது அன்றைக்குத்தான். அதற்கு முப்பது வருஷம் கழித்து, 2017 ஏப்ரலில், பிங்க் ஸ்டார் என்ற 59.60 கேரட் ரோஸ் கல் ஹாங்காங்கில் 7 கோடியே 12 லட்சம் டாலருக்கு விற்றது. இந்த மாதிரிச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் பலர் "கலர் வைரம் நல்ல முதலீடாமே" என்று கேட்கிறார்கள். அந்தக் கல்லுக்கும் நகைக்கடையில் நாம் வாங்கும் அரை கேரட் கல்லுக்கும் சம்பந்தமே கிடையாது. விற்கப் போனால் நமக்கு என்ன கிடைக்கும் என்பது தனிக் கதை, அதைக் கீழே சொல்கிறேன்.

பச்சைதான் எல்லாவற்றிலும் சிக்கலானது, எனக்கு ரொம்பப் பிடித்ததும் அதுதான். மண்ணுக்குள் யுரேனியம் மாதிரிக் கதிரியக்கம் உள்ள பாறை பக்கத்தில் லட்சக்கணக்கான வருஷம் கிடந்தால், அந்தக் கதிர் பட்டு வைரம் பச்சையாகும். பல கற்களில் அந்தப் பச்சை தோல் அளவுக்கு மட்டும்தான் இருக்கும், முழுக்கப் பட்டை தீட்டினால் நிறமே போய்விடும். அதனால் தீட்டுகிறவர் விளிம்பு ஓரத்தில் கொஞ்சம் பழைய தோலை வேண்டுமென்றே விட்டுவைப்பார். சரி, கதிர் பட்டால் பச்சையாகும் என்றால் மனிதனும் அதைச் செய்யலாம் இல்லையா? 1904 வாக்கிலேயே வில்லியம் குரூக்ஸ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி ரேடியம் உப்புக்குள் வைரத்தைப் புதைத்து வைத்துப் பச்சையாக்கிக் காட்டிவிட்டார், அந்தக் கற்கள் இன்றைக்கும் கதிரியக்கத்தோடுதான் இருக்கின்றன. இப்போது வேறு முறைகளில் பாதுகாப்பாகச் செய்கிறார்கள். ஆனால் மண் செய்வதும் மனிதன் செய்வதும் ஒரே காரியம் என்பதால், பிரித்துச் சொல்வது பெரிய பரிசோதனைக் கூடத்துக்கே கஷ்டம். பச்சைக் கல்லின் பத்திரத்தில் நிறத்தின் மூலம் "தீர்மானிக்க இயலவில்லை" என்று வருவது உண்டு. ஜெர்மனியில் ட்ரெஸ்டன் அரண்மனைக் கருவூலத்தில் 41 கேரட்டில் ஒரு பச்சை வைரம் இருக்கிறது, நம் நாட்டிலிருந்து போனதாகக் கருதப்படுவது. 18-ஆம் நூற்றாண்டிலேயே அது அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது, அப்போது கதிரியக்கம் என்ற ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது, ஆகவே அது சந்தேகமே இல்லாமல் மண் போட்ட பச்சை. அதனால்தான் பச்சைக் கல்லை ஆராய்கிறவர்கள் அதைப் போய்ப் பார்த்து அளந்துகொண்டு வந்தார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது பாருங்கள். பச்சை வைரம் ஒன்றை யாராவது பத்திரம் இல்லாமல் காட்டினால் பார்த்து ரசித்துவிட்டு வந்துவிடுங்கள்.

நீலத்துக்கு வருவோம், ஏனென்றால் நம் வீடுகளில் பெரிய குழப்பம் இதில்தான். அத்தையின் மாமியாருக்கு ஏழு கல் வைரத்தோடு ஒன்று உண்டு, "ப்ளூ ஜாகர்" என்று அந்தத் தோட்டைப் பற்றிச் சொல்லும்போதே அவர் குரல் மாறும். அவர் போன பிறகு பங்கு பிரிக்கும்போது ஒரு மருமகள், அது நீல வைரம், கோடிக் கணக்கில் போகும் என்று நெட்டில் பார்த்துவிட்டுச் சொல்ல, வீட்டில் நாலு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. ப்ளூ ஜாகர் நீல வைரம் கிடையாது. தென்னாப்பிரிக்காவில் ஜாகர்ஸ்ஃபோன்டைன் என்று ஒரு சுரங்கம் இருந்தது, அங்கிருந்து வந்த கற்கள் வெள்ளை வெளேரென்று, வெயிலில் பார்த்தால் லேசாக நீலம் ஓடுவது போல இருக்கும். அந்த ஊர்ப் பெயர்தான் ஜாகர் ஆகி நம் வீட்டுக் காதில் ஏறிவிட்டது. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் பட்டு அந்தக் கற்கள் நீலமாக ஒளிர்கின்றன, அதுதான் காரணம், கல்லின் உடம்பு வெள்ளைதான். வைரங்களில் நூற்றுக்கு இருபத்தைந்து முதல் முப்பத்தைந்து வரை ஏதோ ஒரு அளவில் இப்படி ஒளிரும். இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள், ஏழு கல்லில் நாலு ஒரு மாதிரி, மூன்று ஒரு மாதிரி மின்னினால், யாரோ நடுவில் கல் மாற்றியிருக்கிறார்கள் என்றுகூடச் சந்தேகப்படலாம். அது நல்ல தோடு, நல்ல விலையும் உண்டு, ஆனால் வெள்ளை வைரத்தின் விலை.

இன்னொன்று, நம் பழைய தோடுகளில் கல்லைப் பின்பக்கம் மூடிய கட்டிடத்தில் பதித்திருப்பார்கள். அடியில் என்ன தகடு வைத்திருக்கிறார்கள் என்பது கல்லை வெளியே எடுக்காமல் தெரியாது, தகட்டின் நிறம் கல்லில் ஏறித் தெரியும். பழைய நகையை "கலர் வைரம்" என்று யாராவது விற்க வந்தால் கல்லைக் கழற்றிப் பார்க்காமல் பேச்சே வேண்டாம்.

நிஜமான நீல வைரம் என்றால், கிருஷ்ணா நதிக்கரைக் கொல்லூர் சுரங்கத்தில் கிடைத்ததாகக் கருதப்படுகிற ஒரு கல்லைச் சொல்ல வேண்டும். தவர்னியர் என்ற பிரெஞ்சு வியாபாரி இந்தியாவில் வாங்கிக்கொண்டு போனார், 1668-ல் பதினான்காம் லூயி மன்னர் அதை வாங்கினார், 1792-ல் களவு போனது, பிறகு வேறு உருவத்தில் ஹோப் வைரம் என்று வெளியே வந்தது. இப்போது 45.52 கேரட், வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1958-ல் அதைக் கொடுத்த நகை வியாபாரி பதிவுத் தபாலில் அனுப்பினாராம், படிக்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கியது. போரானால் நீலமான வைரத்துக்கு ஒரு குணம் உண்டு, அதில் மின்சாரம் பாயும். மற்ற வைரங்களில் பாயாது. கதிர் பாய்ச்சி நீலமாக்கிய கல்லிலும் பாயாது. ஆகவே இது நல்ல சோதனை, ஆனால் முழுச் சோதனை இல்லை, ஏனென்றால் லேபில் போரான் சேர்த்து வளர்த்த நீலக் கல்லிலும் மின்சாரம் பாயத்தான் செய்யும்.

லேப் வைரம் என்று வந்தாயிற்று, அதையும் பார்த்துவிடுவோம். அது இயந்திரத்தில் வளர்த்த கல், ஆனால் போலி இல்லை, வைரமேதான். கடையில் பேனா மாதிரி ஒரு கருவியைக் கல்லில் வைத்து "பீப்" சத்தம் வந்ததும் "பார்த்தீங்களா, ஒரிஜினல்" என்பார்கள். அந்தப் பேனா வெப்பம் எவ்வளவு வேகமாகக் கடத்தப்படுகிறது என்று மட்டும்தான் பார்க்கிறது. லேப் வைரத்துக்கும் கத்தும், வைரம் மாதிரியே இருக்கும் மாய்சனைட் என்ற வேறு கல்லுக்கேகூடப் பல பேனாக்கள் கத்தும், பூச்சு பூசிய அத்தையின் கல்லுக்கும் கத்தியிருக்கும். நிறத்தைப் பற்றி அது ஒன்றுமே சொல்லாது. கலர் வைரத்தில் லேப் விஷயம் இன்னும் முக்கியம், ஏனென்றால் எச்.பி.எச்.டி. என்கிற அழுத்த முறையில் மஞ்சள் கல் வளர்ப்பதுதான் சுலபம். காற்றில் இருக்கும் நைட்ரஜன் தானாகவே உள்ளே போய்விடும், அது போகாமல் தடுத்து வெள்ளைக் கல் எடுக்கத்தான் தனியாக மெனக்கெட வேண்டும். அதனால் பொடி மஞ்சள் கற்கள் நிறைய வைத்த நகையில் லேப் கல் கலந்துவிடுவது இந்தத் தொழிலில் தெரிந்த பிரச்சினை. பொடிக் கல்லுக்குத் தனித்தனியாகப் பத்திரம் போட மாட்டார்கள், அதனால் நகையையே பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், அல்லது "எல்லாக் கல்லும் இயற்கை" என்று பில்லில் எழுதி வாங்குங்கள். லேப் என்று சொல்லி லேப் விலைக்குக் கொடுத்தால் தாராளமாக வாங்கலாம், நான் என் தங்கைக்கு ஒரு மஞ்சள் பெண்டன்ட் அப்படித்தான் வாங்கினேன், மறுபடி விற்கிற எண்ணம் இல்லாமல்.

இயற்கைக் கல்லில் மனிதன் போடும் கலர் முக்கியமாக மூன்று வகை. மேலே பூசுவது, அத்தைக்கு நடந்தது. கதிர் பாய்ச்சி அப்புறம் சூடேற்றுவது, இதில் பச்சை, நீலம், மஞ்சள், ரோஸ் எல்லாம் வரவைக்கிறார்கள், அன்றாடம் போட்டுக்கொள்வதில் போகாது, ஆனால் ஆசாரியின் நெருப்பு பட்டால் மாறக்கூடும். மூன்றாவது, பிரவுன் கல்லைப் பெரிய அழுத்தத்திலும் சூட்டிலும் வைத்து நிறம் மாற்றுவது, இது நிலையானது. மூன்றையும் நான் திட்டவில்லை, சொல்லி விற்றால் அது வியாபாரம். இப்படிப்பட்ட கல் வீட்டில் இருந்தால் ஆசாரியிடம் கொடுக்கும்முன் "இது கலர் ஏத்துன கல்லுங்க, கழட்டி வச்சுட்டு ஊதுங்க" என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வார்த்தை நாங்கள் சொல்லியிருந்தால் அந்த மனிதர் அன்றைக்கு அப்படிப் பதறியிருக்க மாட்டார்.

அப்புறம் தரம். வெள்ளை வைரத்துக்கு டி முதல் இசட் வரை எழுத்து போடுவார்கள், டி என்றால் நிறமே இல்லாதது, இசட் பக்கம் போகப் போக மஞ்சள் ஏறும், விலை இறங்கும். இசட்டைத் தாண்டிவிட்டால் கதை தலைகீழ், அங்கிருந்து மஞ்சள் ஏற ஏற விலையும் ஏறும், "ஃபேன்ஸி" என்ற சொல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஃபேன்ஸி லைட், ஃபேன்ஸி, ஃபேன்ஸி இன்டென்ஸ், ஃபேன்ஸி விவிட் என்று மேலே போகும், ஆழமான நிறத்துக்கு டீப், டார்க் என்று தனியாக உண்டு. மஞ்சளில் இன்டென்ஸுக்கும் விவிட்டுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் கொஞ்சம்தான், விலையில் ரொம்பப் பெரிசு. எனக்குக் கேட்டால் இன்டென்ஸ் போதும் என்பேன். எல்லையோரத்தில்தான் ஏமாற்று நடக்கும். இசட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கும் கல், அதாவது மட்டமான வெள்ளை, அதைத் தூக்கி மஞ்சள் தங்கத்தில் குழிவாகப் பதித்து, மேலே மஞ்சள் விளக்கைப் போட்டு, "கேனரி" என்று பெயர் சொல்லிவிட்டால் முடிந்தது. கேனரி என்பது கடைக்காரர் சொல், எந்தப் பத்திரத்திலும் அந்தச் சொல் தரமாக வராது. தங்கத்தின் மஞ்சள் கல்லுக்குள் ஏறும், ரோஸ் தங்கத்தில் வைத்தால் ரோஸ் ஏறும், அதனால் முடிந்தவரை கல்லைத் தனியாக, வெள்ளைக் காகிதத்தை மடித்து அதன் நடுவில் வைத்துப் பார்க்க வேண்டும். கடை வாசலுக்கு எடுத்துப் போய், நேர் வெயிலில் இல்லாமல் நிழலில் நின்று பாருங்கள். வாசலுக்கு எடுத்துப் போக விடாத கடையில் எனக்கு வேலையில்லை. கலர் கல் ஏன் வட்டமாக இல்லாமல் சதுரமாகவும் மெத்தை மாதிரியும் இருக்கிறது என்று கேட்பார்கள், அந்த வெட்டுகளில் நிறம் ஆழமாகத் தேங்கித் தெரியும், அதனால்தான். உள்ளே சின்னப் புள்ளி இருந்தால் வெள்ளைக் கல்லில் பெரிசாகப் பார்ப்போம், கலர் கல்லில் நிறம்தான் முதலில், புள்ளி அப்புறம்.

இரண்டு சொல் சேர்ந்து வந்தால் கடைசிச் சொல்தான் நிஜ நிறம். "பிரவுனிஷ் பிங்க்" என்றால் ரோஸ், கொஞ்சம் பிரவுன் ஓட்டம். "பிங்கிஷ் பிரவுன்" என்றால் அது பிரவுன். விற்கிறவர் முதல் சொல்லை மட்டும் வாயில் போட்டுக்கொள்வார்.

பத்திரம் என்று நான் சொல்வது கடை அட்டையை இல்லை. அமெரிக்காவின் ஜி.ஐ.ஏ. மாதிரி, எந்தக் கடையையும் சேராமல் தனியாக நிற்கிற கல் பரிசோதனைக் கூடம் கொடுத்த அறிக்கை. அதில் கலர் என்ற இடத்தில் தரம் ஒரு வரியிலும், "ஆரிஜின்" என்று ஒரு வரியும் இருக்கும். நாட்டின் பெயர் அங்கே வராது, நிறத்தின் மூலம்தான் வரும். அங்கே "நேச்சுரல்" என்று இருக்க வேண்டும். இதுதான் எங்கள் அப்பாவின் கேள்விக்குப் பதில் வரும் இடம். பூசிய கல்லுக்கு ஜி.ஐ.ஏ. தர அறிக்கையே கொடுப்பதில்லை. அறிக்கை எண்ணை உங்கள் கைபேசியில் நீங்களே அவர்கள் தளத்தில் அடித்துப் பாருங்கள், கடைக்காரர் கம்ப்யூட்டரில் காட்டுவது போதாது. கல்லின் விளிம்பில் அந்த எண் பொறித்திருந்தால் லூப்பில் காட்டச் சொல்லுங்கள், தெரியும், அவசரப்படாமல் பார்த்தால் தெரியும்.

ஹால்மார்க் இருக்கிறதே என்பார்கள். நகையில் பொறிக்கிற ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. அடையாளம் தங்கத்தின் சுத்தத்துக்குத்தான், கல்லைப் பற்றி அது ஒரு வார்த்தையும் பேசாது. தங்கத்தின் கேரட் சுத்தம், கல்லின் கேரட் எடை, 200 மில்லிகிராம், நூறு சென்ட். பில்லில் தங்கம் தனியாக, கல் தனியாக, செய்கூலி, சேதாரம் தனியாக, 3 சதவீத ஜி.எஸ்.டி. கடைசியாக வர வேண்டும். கல்லின் எடையைத் தங்கத்தோடு சேர்த்துப் போட்டிருக்கிறார்களா என்று கவனியுங்கள். அறிக்கை எண்ணையும் "நேச்சுரல் கலர்" என்ற சொல்லையும் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். திரும்ப எடுத்துக்கொள்வீர்களா, எத்தனை சதவீதம் கழிப்பீர்கள் என்பதையும் கலர் கல்லுக்கென்று தனியாக எழுதி வாங்குங்கள். பலகையில் மாட்டியிருக்கும் பை-பேக் வாக்குறுதி வெள்ளை வைரத்துக்கு மட்டும் என்று பிறகுதான் சொல்வார்கள். நம் ஊரில் கலர் கல்லை மறுபடி வாங்க ஆள் கிடைப்பது கடினம், ஆகவே நான் முதலீடு என்று யாருக்கும் சொல்வதில்லை.

அத்தை மோதிரத்தை மறுபடி அந்தக் கடைக்குக் கொண்டு போகவில்லை. மாமாவுக்கு மனசு கஷ்டப்படும் என்றார். மிச்சப் பூச்சையும் எடுத்துவிடச் சொன்னார், இப்போது அது வெள்ளைக் கல், சுத்தமான கல்தான், தினமும் போட்டிருக்கிறார்.

போன மாதம் அத்தை மகள் கல்யாணத்துக்கு ஒரு மஞ்சள் வைர மோதிரம் பார்க்கப் போனோம், நானும் கூடப் போனேன். வேறு கடை. கல் விளக்குக்கு அடியில் எலுமிச்சம்பழத் தோல் மாதிரி பளிச்சென்று இருந்தது. "கேனரிங்க, ரொம்ப ரேர்" என்றார் விற்கிறவர். அத்தை மகள் நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் அறிக்கையைக் கேட்டாள். இவர் உள்ளே போய் அஞ்சு நிமிஷம் கழித்துக் கொண்டுவந்தார், ஜி.ஐ.ஏ. அறிக்கைதான், எண்ணும் பொருந்தியது, கல் இயற்கைதான். கலர் என்ற இடத்தில் ஃபேன்ஸி என்ற சொல்லே இல்லை, "டபிள்யூ – எக்ஸ்" என்று இருந்தது. அவள் அந்த இடத்தில் விரலை வைத்து, "இது வெள்ளைக் கல்லு வரிசையில வருதே, ஃபேன்ஸி விலை போட்டிருக்கீங்களே?" என்று கேட்டாள். அவர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துவிட்டு, முதலாளியைக் கூப்பிடுகிறேன் என்று போனார். முதலாளி வந்து விலையில் பாதிக்கு மேல் குறைத்துச் சொன்னார். அவள் கல்லை வாசலுக்கு எடுத்துப் போய் வேப்பமர நிழலில் ஒரு தடவை பார்த்தாள், மஞ்சள் ரொம்பவும் வெளிறியிருந்தது, திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம், தை மாதம் வரை நேரம் இருக்கிறது.